கடலூர் வெயிலில் எத்தனை ஆக்சலாட்டல்?

வெள்ளாற்றங்கரையில் இறால் குட்டை நடத்துகிறவரிடம் போய், ஒரு குட்டைக்கு எத்தனை குஞ்சு விடலாம் என்று கேட்டால், நீள அகலத்தை மட்டும் வைத்து அவர் பதில் சொல்லிவிட மாட்டார். எத்தனை ஏரேட்டர் ஓடுகிறது, கரன்ட் போனால் ஜெனரேட்டர் கைவசம் உண்டா, தண்ணீர் மாற்ற வழி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார். வனாமி இறாலைச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக் கூடாது என்று கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் உச்சவரம்பு விதித்திருக்கிறது. அந்த அறுபதையும் எல்லாக் குட்டையும் தாங்காது. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து இந்தக் கடற்கரையின் பண்ணைகளைக் காலி செய்தது. நெருக்கி வளர்த்தால் ஒரு நோய் எத்தனை வேகமாகப் பரவும் என்பதை இங்குள்ளவர்கள் கடன் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். எல்லாம் நன்றாக ஓடும் நாளில் எத்தனை பிழைக்கும் என்பதை வைத்து அவர்கள் குஞ்சு விடுவதில்லை. மோசமான இரவில் எத்தனை தாங்கும் என்பதே அவர்கள் போடும் கணக்கு.

வீட்டு மீன்தொட்டிக்கும் இதே கணக்கைத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. குறிப்பாக ஆக்சலாட்டல் என்ற பிராணிக்கு. மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021இல் இது சேர்க்கப்பட்ட பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இதன் முகம் பழகிப்போயிற்று. அதே ஆண்டு மெக்சிகோ நாட்டு 50 பெசோ தாளிலும் இடம்பிடித்தது. இளஞ்சிவப்பு உடல், இரு புறமும் இறகுபோல விரியும் செவுள்கள், சிரிப்பது போன்ற வாய். பிள்ளை கேட்கிறது, அப்பா விசாரிக்கிறார். ஒன்று போதுமா, தனியாக இருந்தால் ஏங்காதா, இரண்டா மூன்றா? பலரும் கேட்டு, பலவிதமாகப் பதில் சொல்லப்படுகிற இந்தக் கேள்வியைக் கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடு ஒன்றை மனதில் வைத்து முழுதாகப் பார்த்துவிடலாம்.

ஆக்சலாட்டல் மீன் இனம் கிடையாது. தவளையைப் போல நீர்நில வாழ்வன வகுப்பைச் சேர்ந்த சாலமாண்டர் அது. பெரும்பாலான சாலமாண்டர்கள் வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறும். இது ஆயுள் முழுக்கத் தலைப்பிரட்டைப் பருவத்துச் செவுளோடு தண்ணீருக்குள்ளேயே கிடந்து, அதே கோலத்தில் இனப்பெருக்கமும் செய்யும். 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். வளர்ப்பில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அந்தப் பிள்ளை கல்லூரி முடிக்கிற வரை இது வீட்டில் இருக்கும் என்று அர்த்தம். இதன் சொந்த இடம் மெக்சிகோ நகரத்தையொட்டிய சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர்; நம் உதகமண்டலத்தின் உயரம். இந்த ஒரு தகவலை மனதில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். தமிழ்நாட்டின் காடுகளிலோ நீர்நிலைகளிலோ சாலமாண்டர் இனம் ஒன்றுகூட இயற்கையாக இல்லை. இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங், சிக்கிம் போன்ற மலைப்பகுதிகளுக்குப் போக வேண்டும்.

எண்ணிக்கையைத் தீர்மானிக்கப் புழக்கத்தில் உள்ள விதிகளில் மிகப் பழையது, ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்பது. அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீருக்கு ஓர் அங்குலம். சிறிய மீன்களுக்கு ஓரளவு பொருந்தும். பெரிய உயிர்களுக்குப் பொய்த்துவிடும். நீளம் பத்து மடங்கானால் எடை ஏறத்தாழ ஆயிரம் மடங்காகிறது. தின்பதும் கழிப்பதும் எடையைப் பொறுத்தவை, நீளத்தைப் பொறுத்தவை அல்ல. இந்த விதியை நம்பினால் பத்து அங்குல ஆக்சலாட்டலுக்கு 38 லிட்டர் போதும் என்று வரும். அது இரண்டு வாளித் தண்ணீருக்குச் சமம். நாலு நாளில் நாறிவிடும்.

ஆக்சலாட்டல் வளர்ப்போர் பரவலாகச் சொல்வது வேறு: முதல் பிராணிக்கு 75 லிட்டர், கூடுதலாகச் சேரும் ஒவ்வொன்றுக்கும் 38 லிட்டர். இது கீழ்வரம்பு. நம் கடைகளில் அடிக்கணக்கில்தான் தொட்டி விற்கிறார்கள். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற வழக்கமான தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 57 லிட்டரைத் தாண்டாது. ஆக, வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் அந்த இரண்டடித் தொட்டி ஒரேயொரு ஆக்சலாட்டலுக்கே பற்றாது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் கழுத்தளவு விட்டால் 160 லிட்டர் நிற்கும். லிட்டர் கணக்குப்படி அதில் மூன்று விடலாம். நான் விட மாட்டேன். காரணம், இது அடித்தரையில் ஊர்ந்து திரியும் பிராணி. தலைக்கு மேலே எத்தனை உயரம் தண்ணீர் நின்றாலும் அதற்கு நடமாட்டம் தரை அளவுதான். அந்த மூன்றடித் தொட்டியின் தரை நாலரைச் சதுர அடி. ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு குழாயோ குடமோ வைத்தால், இரண்டுக்கு மேல் ஒன்றின் வாலை ஒன்று மிதிக்காமல் இருக்க இடமில்லை.

கழிவுக் கணக்கு அடுத்தது. பிராணி வெளியிடும் அம்மோனியாவை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டை நாம்தான் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா குடியேற வாரக்கணக்கில் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பிராணியையும் வாங்கி வருவதுதான் வளர்ப்பில் நேரும் சாவுகளுக்கு முதல் காரணம் என்று தயங்காமல் சொல்வேன். அம்மோனியா முழுவதும் ஒரே அளவு நஞ்சு கிடையாது. அதில் அயனியாகாத பகுதிதான் செவுளை அரிக்கிறது. அந்தப் பகுதி நீரின் காரத்தன்மையோடும் வெப்பத்தோடும் ஏறுகிறது. pH 8 உள்ள தண்ணீரில் 18 டிகிரியில் அது 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். 30 டிகிரியில் 7 சதவீதத்தைக் கடந்துவிடும். இதற்கு நேர்மாறாக, தண்ணீர் பிடித்துவைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 18 டிகிரியில் லிட்டருக்கு 9.5 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் 7.5தான். நஞ்சு இரட்டிப்பாகிறது, மூச்சு குறைகிறது. மேல்நாட்டுக் குளிரறையில் உட்கார்ந்து எழுதிய எண்ணிக்கை இங்கே ஏன் செல்லாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி வெப்பம். இந்தக் கட்டுரையின் மையமே அதுதான், அதனால் இங்கே சற்று நின்று பேச வேண்டும். ஆக்சலாட்டலுக்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி. இருபதைத் தாண்டினால் அசௌகரியம் தொடங்கும். 24 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் தின்னாது, செவுள் சுருங்கும், பஞ்சுபோல் பூஞ்சை படரும், பிறகு சாகும். கடலூரில் மே மாதப் பகல் 37, 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது. தை மாத இரவிலும் இருபதுக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். கூடத்தில் வைத்த தொட்டித் தண்ணீர் கோடையில் 30 டிகிரி காட்டும். ஆண்டின் மிகக் குளிர்ந்த நாள்கூட இந்தப் பிராணிக்கு வெதுவெதுப்பானதே. ஏசி அறையில் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஏசியை 24இல் வைத்துத்தான் நாம் தூங்குகிறோம். நமக்குச் சுகமான அந்த 24 அதற்கு ஆபத்தின் வாசல்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் குளிரும் என்பது இன்னொரு யோசனை. வறண்ட ஊர்களில் அது நன்றாகவே வேலை செய்யும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், இங்கே இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே அதிகம். அடுத்தது, பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்கவிடுவது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பனிக்கட்டி உருகி 18 டிகிரிக்கு வருவதற்குள் ஏறத்தாழ 410 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 160 லிட்டர் தொட்டியில் அதனால் இறங்குவது 0.6 டிகிரி, அவ்வளவுதான். வெளியே 30 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்றால், கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் இடைவிடாமல் நூறு வாட் அளவுக்கு வெப்பம் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதை ஈடுகட்ட ஒரு நாளைக்கு இருபதுக்கு மேற்பட்ட பாட்டில்கள் வேண்டும். எந்த வீட்டு ஃபிரிட்ஜும் அதற்கு ஈடுகொடுக்காது. வெப்பநிலை மணிக்கு மணி ஏறி இறங்குவதும் பிராணிக்குத் தனி வதை. ஆகவே சில்லர் எனும் குளிர்விப்பான் இல்லாமல் இங்கே இந்த வளர்ப்பு நடக்காது. சில்லர் போட்ட பிறகும் இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. இங்கத்திய ஈரக்காற்று 24, 25 டிகிரியிலேயே பனியாகப் படியத் தொடங்கும் என்பதால், 18 டிகிரி கண்ணாடி இரவும் பகலும் வியர்த்துக்கொண்டே இருக்கும். மரப்பலகை ஊறும், ஸ்விட்ச் போர்டு நனையும், படிகிற ஒவ்வொரு துளியும் தன் வெப்பத்தைத் தொட்டிக்குள் விட்டுச் செல்லும். தெர்மாகோல் பலகையால் மூன்று பக்கமும் அடைத்தால்தான் சில்லருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

எண்ணிக்கையும் வெப்பமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது தண்ணீர் மாற்றும்போது தெரியும். 160 லிட்டரில் கால்பங்கை, அதாவது 40 லிட்டரை, 30 டிகிரித் தண்ணீரால் மாற்றினால் 18 டிகிரித் தொட்டி ஒரே நொடியில் 21 ஆகிவிடும். ஒரு பிராணி என்றால் வாரத்துக்கு ஒருமுறை இதைச் சமாளிக்கலாம். மூன்று என்றால் வாரத்தில் மூன்று தடவை. கூடுதல் பிராணி என்றால் கூடுதல் கழிவு, அதனால் கூடுதல் தண்ணீர், அதனால் கூடுதல் சூடு. குழாய்த் தண்ணீரில் குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைக்க வேண்டும். கடலையொட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். பிடித்து வைத்ததைக் குளிர்விக்கவும் வேண்டும். இந்த வேலைப்பளுவைச் சுமக்கப்போகிறவர் பெரும்பாலும் கேட்ட பிள்ளை அல்ல, வீட்டில் இருக்கும் அம்மா. முடிவெடுக்கும்போது அவரையும் கேட்க வேண்டும்.

பிறகு கரன்ட். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கிலும் சில ஊர்கள் வாரக்கணக்கிலும் இருளில் கிடந்தன. 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியின் ஃபெஞ்சல் என்று இந்த மாவட்டத்துக்குப் பட்டியல் நீளம். சில்லர் நின்றுவிட்டால் மூன்றடித் தொட்டி அரை நாளில் 24 டிகிரியைத் தொட்டுவிடும். இரண்டடித் தொட்டி அதற்கும் முன்பே. ஏர் பம்ப் நின்றால் ஃபில்டரின் பாக்டீரியா மூச்சில்லாமல் சாகத் தொடங்கும், அம்மோனியா ஏறும். அந்த நிலையில் 160 லிட்டரில் ஒன்றே ஒன்று இருந்தால், தீவனத்தை நிறுத்தி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு வைத்து, கிடைத்த பனிக்கட்டியைப் போட்டு இரண்டு மூன்று நாள் இழுத்துவிடலாம். மூன்று இருந்தால் இழுக்க முடியாது. இறால் குட்டைக்காரரின் கணக்கு இங்கேதான் நம் கூடத்துக்குள் வருகிறது.

துணையில்லாமல் ஏங்காதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏங்காது. ஆக்சலாட்டல் கூட்டமாக வாழும் இனம் அல்ல. ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தவற்றைத் தனித்தனி ஏனங்களில் வைப்பது வழக்கம். ஓர் உயிருக்கு எத்தனை துணை வேண்டும் என்பது அந்தந்த இனத்தின் குணம். ஃபைட்டர் மீனில் ஆண் இரண்டை ஒரே தொட்டியில் விடக் கூடாது என்று வண்ணமீன் கடைப் பையன்கூடச் சொல்வான். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த இனத்தில் கூட்டத்தின் மிகப் பெரிய மீன் பெண், அடுத்தது அதன் ஆண். மற்றவை எல்லாம் வளர்ச்சி அடக்கப்பட்டுக் கீழ்ப்படிந்து கிடக்கும். அதற்கு இயல்பான எண் இரண்டு. ஆக்சலாட்டலுக்கு இயல்பான எண் ஒன்று.

இரண்டு வைப்பதில் உள்ள இடர்கள் தெளிவானவை. குட்டியாக இருக்கும்போது அசைவதையெல்லாம் கவ்வும். பக்கத்தில் இருப்பதன் கால், செவுள் எல்லாம் இரைதான். போன கால் மறுபடி முளைக்கும் என்பது உண்மை. உலகமெங்கும் விஞ்ஞானிகள் இதை ஆராய்வதே அதற்காகத்தான். முளைக்கிறதே என்பதற்காகக் கடிபட விடுவது நியாயமாகாது. புண்ணில் பூஞ்சை ஏறினால், அதுவும் சூடான தண்ணீரில், கால் முளைப்பதற்குள் பிராணி போய்விடும். அளவில் வித்தியாசம் இருந்தால் பெரியது சின்னதை விழுங்கவும் செய்யும்.

ஆண் பெண் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. குட்டியில் பால் தெரியாது. முதிர்ச்சி வந்த பிறகுதான் ஆணின் வாலடி புடைத்துத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குட்டி வாங்கினால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அமைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்று வாங்கினால், மூன்றும் ஒரே பாலாக அமைவது நாலில் ஒரு பங்குதான். ஜோடி சேர்ந்தால் பெண் ஒரு தடவைக்குச் சில நூறு முதல் ஆயிரம் வரை முட்டையிடும். ஆண் விடாமல் துரத்த, அது ஓய்வில்லாமல் முட்டையிட்டு இளைத்தே சாகும். இது எப்படிப் பெருகும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1864இல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குப் போனவை 34. அவற்றில் ஆறு ஒகஸ்ட் துமெரில் என்ற விலங்கியலாளர் கைக்கு வந்தன. இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பங்கு அந்த ஆறின் வழித்தோன்றல்கள்தான். இரண்டு வாங்குகிறவர் இரண்டாவது தொட்டிக்கும் சில்லருக்கும் இடமும் காசும் ஒதுக்கிவிட்டே வாங்க வேண்டும்.

சட்டமும் எண்ணிக்கையில் தலையிடுகிறது. ஆக்சலாட்டல் 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், அந்த உடன்படிக்கைப் பட்டியலைத் தன் நான்காம் அட்டவணையாக ஏற்றுக்கொண்டது. அந்த உயிர்களை வைத்திருப்பவர்கள் அதைத் தெரிவித்துப் பதிய வேண்டும் என்பதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையவாசல் வழியாகத் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைமாறினாலும் குஞ்சு பிறந்தாலும் தெரிவித்தாக வேண்டும். முந்நூறு முட்டை பொரித்துவிட்டால் அத்தனைக்கும் நீங்கள் பொறுப்பு. சொந்த ஏரியில் இந்த இனத்தின் நிலையை அறிந்தால் இந்தக் கெடுபிடி மிகையாகத் தோன்றாது. சோச்சிமில்கோவில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்ததாக மதிப்பிட்டார்கள், 2014இல் 36. ஏரி சுருங்கியதும் கழிவுநீர் கலந்ததும் பாதிக் கதை. மீதி, வளர்ப்புக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்றது. நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை என்று வலையில் விழுகிறதே, அந்தத் திலேப்பியாக் குடும்பம்தான். இங்கும் அது 1952இல் வந்து சேர்ந்த விருந்தாளி. அண்மையில் மெக்சிகோ ஆய்வாளர்கள் வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சலாட்டல்களைச் சீரமைத்த நீர்நிலைகளில் விட்டு, சமிக்ஞைக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அவை பிழைத்தன, ஒவ்வொன்றும் சராசரியாக நூற்றுக்கணக்கான சதுர மீட்டரில் உலவின. நாலரைச் சதுர அடியில் இரண்டா மூன்றா என்று பேசும்போது எனக்கு இந்தத் தகவல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது. சில்லரும், அது நின்றால் தாங்க இன்வெர்ட்டர் போன்ற மாற்று ஏற்பாடும் இல்லாத வீட்டில் எண்ணிக்கை பூஜ்யம். இதில் எனக்குச் சமரசம் இல்லை. இரண்டும் இருந்து, மூன்றடித் தொட்டியும் இருந்தால் ஒன்று. அந்த ஒன்றை ஓராண்டு வளர்த்து, ஒரு கத்திரியையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டியவர், ஒரே பாலாகவும் ஒரே அளவாகவும் உள்ள இன்னொன்றைச் சேர்க்கலாம். அப்போதும் நாலடித் தொட்டி நல்லது. மூன்று என்பது இந்தக் கடற்கரை வீட்டுக்கு வேண்டாம்.

தொட்டி வேண்டும் என்ற ஆசையே தப்பென்று சொல்லவில்லை. தென்னிந்தியா, இலங்கை உப்பங்கழிகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு நம் வெயிலுக்கே பிறந்தது. எட்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சு காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியைக் கொறித்து வளர்வதைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில்லருக்காகத் திண்டாட வேண்டியதில்லை. அதே மூன்றடித் தொட்டியில் ஐந்தாறு விடலாம்.

ஏற்கெனவே இரண்டடித் தொட்டியில் மூன்று நாலு ஆக்சலாட்டலோடு தவிப்பவர்களும் இருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. முதல் வேலை, தனித்தனி பிளாஸ்டிக் டப்பில் பிரித்து விடுவது. குளோரின் நீங்கிய குளிர்ந்த தண்ணீரை அன்றாடம் முழுதாக மாற்றிக்கொண்டிருந்தால் ஃபில்டர் இல்லாமலே சில வாரம் தள்ளலாம். அடியில் கூழாங்கல் கிடந்தால் எடுத்துவிடுங்கள். இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். முட்டை கண்டால் அன்றே எடுத்து ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். கரு வளரும் முன் செய்ய வேண்டியது அது. வளர்க்க முடியவில்லை என்று கெடிலத்திலோ வெள்ளாற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் அது பிழைக்காது. அதன் தோலில் பூஞ்சை நோய் இருந்தால் நம் தவளைகளுக்குப் போகும். தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் நம் ஏரிகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பது கண்முன்னே இருக்கிறது. உதகையிலோ கொடைக்கானலிலோ இருப்பவரிடமோ, சில்லர் வைத்து வளர்க்கும் பெங்களூர்க்காரரிடமோ கொடுக்க முடிந்தால் கொடுங்கள். கைமாற்றத்தையும் பதிவு செய்துவிட்டு, இரண்டு நாள் தீவனம் நிறுத்தி, தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பொதியோடு இரவுப் பயணமாக அனுப்புங்கள். ஒரு பையில் ஒன்றுக்கு மேல் போட வேண்டாம்.